ஏழரை மணி ஆட்டம்

‘சென்னையின்’ என்று சொல்லி ஒருவர் நிறுத்திக்கொண்டால், கேட்பவர் ‘சென்னையின் எது?’ என்று கேட்காமல் இருக்க முடியாது. அது முடிவு பெறாத சொல். அப்படியிருந்தும் 2014-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பட்டணத்தில் ஒரு கால்பந்துக் கழகம் தோன்றி, ‘சென்னையின் எப்.ஸி.’ என்றே தனக்கு நாமகரணம் செய்துகொண்டது. ஹிந்தி சினிமா நடிகர் அபிஷேக் பச்சனும் வீடா தானி என்ற சீமாட்டியும் சொந்தக்காரர்கள். கிரிக்கெட் வீரர் தோனியும் பங்காளியாகச் சேர்ந்தார். பெயரில் தமிழ் இருக்கிறதே என்று நாங்கள் மகிழ்ந்தோம். உருபு மட்டும்தான் இருக்கிறது, பெயர்ச்சொல்லைக் காணோமே என்று சிலர் பரிகாசம் செய்தார்கள்.

வகுப்பில் வேற்றுமை உருபுகளை ஒப்பிக்கச் சொல்வது என் தொழிலாகையால், இதைப்பற்றி நான் கொஞ்சம் யோசித்திருக்கிறேன். ‘இன்’ ஐந்தாம் வேற்றுமை உருபு. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்ற நான்கு பொருளில் அது வரும். ‘சென்னையின் தெற்கு செங்கற்பட்டு’ என்றால் எல்லைப் பொருள். செங்கற்பட்டிலிருந்து ஆட்டம் பார்க்கப் போகிற எங்களுக்கு அந்தப் பொருள்தான் முதலில் பொருந்தும். நீங்கல் பொருளும் இந்தக் கழகத்துக்குப் பொருந்தும்படியான காலம் ஒன்று வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆட்டம் இரவு ஏழரை மணிக்கு. எங்கள் ஊரிலிருந்து நேரு ஸ்டேடியத்துக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ரயிலில் போகவேண்டும். ஆகையால் நான்கு மணிக்கே வண்டி ஏறிவிடுவோம். வண்டி புறப்பட்டதும் கொளவாய் ஏரி சிறிது தூரம் கூடவே வரும். சிங்கப்பெருமாள் கோயிலிலும் மறைமலை நகரிலும் தொழிற்சாலைச் சிப்பந்திகள் ஏறுவார்கள். பொத்தேரியில் கலாசாலை மாணவர்கள். ஒன்றிரண்டு நீலச் சட்டைகள் தலைகாட்டும். கூடுவாஞ்சேரி, வண்டலூர் தாண்டுவதற்குள் அது ஏழெட்டாகும். தாம்பரத்தில் ஒரு கும்பலே ஏறிவிடும். நீலச் சட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். ஆனால் கல்யாண வீட்டில் சம்பந்திகள் பேசுவதுபோல் உடனே பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆட்டத்தைவிட இந்த ரயில் பிரயாணமே சுவையானது என்று சொல்வேன். ஆட்டம் தொண்ணூறு நிமிஷத்தில் ஏதாவதொரு பக்கமாக முடிந்துபோகும். ரயிலில் மட்டும் நாங்கள் இன்றுவரை தோற்றதில்லை.

இந்தப் பிரயாணத்தில் எனக்கு ஒரு துணை உண்டு. ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்; எழுபதைக் கடந்தவர். பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இளமையில் தாமும் பந்து உதைத்தவர். இப்போது முழங்கால் அதை ஒவ்வொரு படியிலும் ஞாபகப்படுத்துகிறது. ஸ்டேடியம் இருக்கும் இடத்தின் பழைய கதையெல்லாம் அவருக்கு அத்துபடி. முன்னே அது கார்ப்பரேஷன் மைதானமாயிருந்தபோது கிரிக்கெட் டெஸ்டுகள் அங்கேதான் நடந்தன. 1956 ஜனவரியில் பங்கஜ் ராயும் வினூ மங்கத்தும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்து உலகத்தையே ஆச்சரியப்படுத்தியது அந்த மண்ணில்தான். 1993-இல் புது ஸ்டேடியம் எழும்பி நேரு கோப்பைக் கால்பந்து நடந்தது. வட கொரியா கோப்பையைக் கொண்டுபோயிற்று. “அன்றைக்குத்தான் வாத்தியாரே, அந்த இடம் கிரிக்கெட்டிடமிருந்து நமக்கு வந்தது” என்பார் பெரியவர். ஏதோ பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பு வந்ததுபோல அவர் சொல்லும் அழகே தனி. கழகத்தார் அந்த அரங்குக்கு ‘மெரினா’ என்று பெயர் வைத்ததில் மட்டும் அவருக்குச் சம்மதமில்லை. ரிப்பன் மாளிகைக்குப் பின்னால், பெரியமேட்டில் இருக்கும் இடத்தில் மெரினா எங்கிருந்து வந்தது என்று கேட்பார்.

ஆட்டத்துக்கு முன் அவரிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. தெரியாமல் ஒரு மாணவன் கேட்டுவிட்டான்.

“தாத்தா, இன்றைக்கு நாம் ஜயித்துவிடுவோமா?”

“தம்பி, 2014-இலே நீ எத்தனாவது படித்துக்கொண்டிருந்தாய்?” என்றார் பெரியவர்.

2014 விஷயம் இது. கழகத்துக்கு அதுதான் முதல் வருஷம். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தவர் இத்தாலிய வீரர் மத்தேராஸி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிதேன் தலையால் மார்பில் மோதினாரே, அவரேதான். 14 ஆட்டங்களில் 23 புள்ளிகள் பெற்றுச் சென்னை பட்டியலில் முதலாவதாக நின்றது. அரையிறுதியில் கேரளத்துக் கட்சியைச் சந்தித்தோம். கொச்சியில் 3 கோல் வாங்கிக்கொண்டு திரும்பினோம். நேரு ஸ்டேடியத்தில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்தோம். மூன்றாவது கோலை ஆட்டம் முடியும் தறுவாயில் ஜேஜே போட்டார். ஸ்டேடியம் கூத்தாடியது. அதற்கப்புறம் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிஷங்களில் பியர்ஸன் என்பவர் கேரளத்துக்காக ஒன்று போட்டார். அவ்வளவுதான். மூன்றாவது கோல் விழுந்தபோது பக்கத்திலிருந்தவரிடம் “ஜயித்துவிட்டோம்” என்று தாம் சொன்னதுதான் அந்தத் தோல்விக்குக் காரணம் என்பது பெரியவரின் தீர்மானமான அபிப்பிராயம். அன்றிலிருந்து ஆட்டம் முடிந்து விசில் ஊதும்வரை அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருவதில்லை.

அடுத்த வருஷம் வெள்ளம். அந்த 2015 டிசம்பரை எங்கள் பக்கத்தார் மறக்க முடியாது. முதல் தேதி ஆரம்பித்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்கள் மாடியில் நின்றார்கள். ரயில் இல்லை, மின்சாரம் இல்லை, விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். இந்தச் சமயத்தில் சென்னையின் கழகம் அரையிறுதிக்கு வந்திருந்தது. பருவத்தின் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்த கட்சி அது. கடைசி வாரங்களில் வரிசையாக ஜயித்து மேலே ஏறியது. 12-ஆம் தேதி சென்னையில் நடக்கவேண்டிய ஆட்டம் புணேக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊர் ஆட்டம், சொந்த ஊர்க்காரர் ஒருவருமில்லாமல்! கொல்கத்தாக் கட்சியை அங்கே 3-0 என்று தோற்கடித்தார்கள். கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் நாம் இறுதிக்குப் போய்விட்டோம்.

டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். 87-ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னேறியது. வீட்டுச் சேற்றை வழித்துக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த பலர், ‘இதுவும் போயிற்று’ என்று எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் பாவம். 90-ஆவது நிமிஷத்தில் கோவாவின் கோல்காப்பாளர் கட்டிமணியாலேயே பந்து அவர்கள் வலைக்குள் போயிற்று. இரண்டு நிமிஷம் கழித்து மெண்டோஸா என்ற கொலம்பியா தேசத்துப் பையன் மூன்றாவது கோலைப் போட்டான். அந்தப் பருவத்தில் அவன் போட்ட கோல்கள் 13. எங்கோ தென்னமெரிக்காவில் பிறந்த பையனுக்குச் செங்கற்பட்டில் இத்தனை பேர் அழுவார்கள் என்று யார் நினைத்தது? ‘கூலிக்கு உதைக்கும் பரதேசிகளின் ஆட்டம்’ என்று அதுவரை எழுதிக்கொண்டிருந்தவர்களில் நானும் சேர்த்தி என்று யாராவது சொன்னால், மறுக்கமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

ஏன் தீரவில்லை? ஐ.எஸ்.எல். தொடங்கிய முதல் மூன்று பருவங்களில், களத்தில் இறங்கும் பதினொருவரில் ஐவர் இந்தியராயிருந்தால் போதும் என்பது விதி. நம் தேசத்துப் பந்தயத்தில் நம்மவர் சிறுபான்மை! 2017-18-இல் அது ஆறாயிற்று. 2021-22 முதல் ஏழாயிற்று. பெரியவரின் கணக்கு இதைவிடக் கண்டிப்பானது. ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி முன்னால், அன்றைக்கு ஆடுகிறவர்களின் பட்டியல் வெளியாகும். அப்போது நாங்கள் பூங்கா நிலையத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக நடந்துகொண்டிருப்போம். கூட வரும் பையன்களிடம் கைப்பேசியைப் பார்க்கச் சொல்லி, “நம்ம பையன் இருக்கானா?” என்று கேட்பார். ‘நம்ம பையன்’ என்றால் தமிழ்நாட்டுப் பையன். பல நாள் பதில் ‘இல்லை’. சில நாள் ‘ஒருவர்’. ஒருவர் இருந்துவிட்டால் பெரியவரின் முழங்கால் வலி அன்றைக்கு மாயமாய் மறைந்துவிடும்.

அப்படி மறைந்த நாள்களில் தலைசிறந்தது 2018 மார்ச் 13. வியாசர்பாடியில் பிறந்து, அந்தப் பேட்டைச் சந்துகளில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோல் போட்டார். ஜேஜே இரண்டு போட்டார். 3-0. நான்கு நாள் கழித்துப் பெங்களூரில், அவ்வூர்க்காரர் நிறைந்திருந்த கண்டீரவ ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிஷத்திலேயே சுநீல் சேத்ரி கோல் போட்டுவிட்டார். பிரேஸில் தேசத்து மெயில்ஸன் ஆல்வெஸ் தலையாலேயே இரண்டு முட்டினார். ரபேல் அகஸ்டோ மூன்றாவது போட்டார். 3-2. இரண்டாவது முறை பட்டம்.

அதோடு சனி பிடித்தது. பட்டம் பெற்ற கட்சி மறு வருஷமே 18 ஆட்டங்களில் இரண்டே ஜயித்து, 9 புள்ளிகளுடன் கடைசியாக வந்தது. 2020-இல் மறுபடி எழுந்து இறுதிவரை போனோம். மார்ச் 14-ஆம் தேதி நடந்த அந்த ஆட்டத்துக்குள் கொரோனா வந்து கதவை அடைத்துவிட்டது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் 1-3 என்று தோற்றோம். பின் இரண்டு பருவம் ஆட்டமெல்லாம் கோவாவிலேயே. நீலச் சட்டையைப் பெட்டியில் வைத்து அந்துருண்டை போட்டோம். திரும்பி வந்த பிறகும் பெரிய மாறுதல் இல்லை. 2024-25-இல் 13 கட்சிகளில் பதினோராவது இடம்.

“ஆட்டம் ஏழரை மணிக்கு வைத்தால் வேறென்ன ஆகும்?” என்று ரயிலில் ஒரு ஜோசியப் பித்தர் கேட்டார். பெரியவர் விரல் விட்டு எண்ணினார். 2018 மார்ச்சிலிருந்து ஏழரை வருஷம் என்றால் 2025 செப்டம்பர். “அது கழியட்டும், பார்க்கலாம்” என்றார். கழிவதற்கு ஒரு மாதம் முன்னால், 2025 ஆகஸ்டில், கழகமே தன் காரியங்களையெல்லாம் நிறுத்திவைப்பதாக அறிவித்துவிட்டது. ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருள் என்றேனே, அது இதுதான்.

குற்றம் முழுவதும் கழகத்தினுடையது அல்ல. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-இல் பதினைந்து வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்குச் செய்துகொண்ட வியாபார ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாயிருந்தது. அதற்கப்புறம் யார், என்ன என்று தீர்மானமாகாததால் ஜூலையிலேயே லீகை ஒத்திவைத்தார்கள். நவம்பரில் ஏலத்துக்கு விட்டபோது கேட்க ஒருவரும் வரவில்லை. நூற்று நாற்பது கோடி ஜனங்கள் உள்ள தேசத்தில், உலகம் முழுவதும் ஆடும் ஒரு விளையாட்டை நடத்த ஒரு கை உயரவில்லை! இதைப் படித்த அன்றைக்கு எனக்குப் பாடம் நடத்தவே மனம் ஓடவில்லை.

ரயில் நண்பர்களுக்குள் அப்போது ஒரு விவாதம் நடந்தது. பொத்தேரி மாணவன் ஒருவன் சொன்னான்: “கம்பெனி ஆரம்பித்தார்கள், லாபமில்லையென்றால் மூடுவார்கள். நாம் டிக்கெட் வாங்கினவர்கள், அவ்வளவுதானே ஸார்?” அவன் சொன்னதை அலக்ஷியம் செய்வதற்கில்லை. கண்ணெதிரே உதாரணம் இருக்கிறது. 2018-19-இல் ஐ-லீக் பட்டத்தையே வென்ற சென்னை ஸிட்டி கழகம், கோயமுத்தூரில் ஜனங்களைக் கூட்டிய அந்தக் கழகம், சில வருஷங்களுக்குள் லீகிலிருந்தே மறைந்துபோயிற்று. அதற்கு முன் இந்தியன் வங்கி போன்ற ஆபீஸ் கட்சிகள் தேசிய லீகில் ஆடின. இப்போது அந்த நாளை நினைப்பவர்களே சிலர்தான்.

பெரியவர் வேறு பக்கமாகப் பேசினார். கொல்கத்தாவில் மோகன் பகான் 1889-இல் தோன்றியது. 1911 ஜூலை 29-ஆம் தேதி, ஒருவர் தவிர மற்றெல்லோரும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்தாரை 2-1 என்று தோற்கடித்துக் கேடயத்தைப் பிடுங்கினார்கள். ஷிப்தாஸ் பாதுரி ஒரு கோல்; அபிலாஷ் கோஷ் ஒரு கோல். வெள்ளைக்காரனைச் சரிசமமான விதிகளின்படி தோற்கடிக்கலாம் என்று வங்காளத்துக் குமாஸ்தாக்களும் மாணவர்களும் அன்றைக்குக் கண்ணால் கண்டார்கள். “அவர்களும் டிக்கெட் வாங்கினவர்கள்தானே, தம்பி? டிக்கெட் வாங்கினவன் திரும்பத் திரும்ப வந்ததனாலேதான் அது கழகமாச்சு. நாம் பதினோரு வருஷம்தானே வந்திருக்கிறோம்!” என்றார்.

இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆனால் மாணவன் பக்கம் கொஞ்சம் அதிகம் உண்டென்பது என் எண்ணம். மோகன் பகானுக்கு ஊராரே அங்கத்தினர்களாயிருந்தார்கள். நமக்கு அப்படி ஒரு சீட்டு யாரும் கொடுக்கவில்லை. ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்ற ரஸிகர் கூட்டங்கள் தொண்டை கிழியக் கத்துகின்றன, மேளம் அடிக்கின்றன. கழகத்தை நிறுத்துவதா நடத்துவதா என்ற பேச்சு வந்தால் அந்தத் தொண்டைக்கு ஓட்டு இல்லை.

கடற்கரைப் பக்கம் போனால் இந்த விவாதத்துக்கு வேறொரு முகம் தெரிகிறது. கோவளத்திலிருந்து திருவிடந்தை, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரையில் எந்தக் குப்பத்திலும் மாலை நேரத்தில் மணலில் பந்தாட்டம் காணலாம். வலை உலர்த்தும் கழிகள்தான் கோல் கம்பம். 1911-இன் வெறுங்கால் ஆட்டம் அங்கே மிச்சமிருக்கிறது. ஆனால் கொள்கைக்காக அல்ல. மணலில் ஓடிப் பழகிய அந்தப் பையன்களின் கெண்டைக்கால் பலத்தைப் பார்த்தால், ‘மாமல்லன்’ என்றால் பெரிய மல்லன் என்று பொருள், நம் பக்கத்து ஊர் ஒரு தேகப் பயிற்சிக்காரனின் பெயரைத் தாங்கியிருக்கிறது என்பது ஞாபகம் வரும். அதே மாமல்லபுரத்தில் 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடத்தி உலகத்தையே அழைத்தோம். 2023-இல் எப்.ஸி. மெட்ராஸ் என்ற ஸ்தாபனம் அங்கே மாணவர்கள் தங்கிப் பயிலும் பெரிய கால்பந்துப் பள்ளியைத் திறந்தது; மென்பொருள் தொழிலில் பேர் பெற்ற கிரீஷ் மாத்ருபூதம் அதன் ஸ்தாபகர். நல்ல காரியம். மணலில் ஆடுகிற பையனுக்கும் அந்தப் பச்சைப் புல்லுக்கும் இடையே உள்ள தூரத்தை யாராவது அளந்து குறைத்தால் அது இன்னும் நல்ல காரியமாகும்.

குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பழைய சாட்சியம் இருக்கிறது. 1948 ஜூலை 31-ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து, சுதந்திர இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்றோம். 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் பெரு தேசத்துக்கு எதிராகக் கோல் போட்டவர் ஸைமன் சுந்தரராஜ் என்ற தமிழர். அதற்குப் பிறகு நம் ஆடவர் கட்சி ஒலிம்பிக் களத்தில் இறங்கவே இல்லை. ஆகவே அவர் போட்டதுதான் இன்றுவரை கடைசிக் கோல். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியப் பட்டம் வென்றபோது கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். பெரியவர் ‘நம்ம பையன் இருக்கானா?’ என்று கேட்பது வெறும் ஊர் அபிமானம் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு ‘இருக்கிறான்’ என்றே பதில் வந்துகொண்டிருந்தது.

2026 ஜனவரி முதல் வாரத்தில் ஒருவழியாகச் செய்தி வந்தது. லீக் பிப்ரவரி 14-ஆம் தேதி தொடங்கும். 14 கட்சிகளும் ஆடும். ஒவ்வொரு கட்சியும் மற்றதை ஒரே ஒரு முறை சந்திக்கும். இரவு ஒன்பது மணிக்குப் பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“வாத்தியாரே, ஒரு கட்சிக்கு 13 ஆட்டம்தான் வருகிறது. அதில் சென்னையில் எத்தனை?”

“பாதி வரலாம், ஐயா. அட்டவணை வரட்டும்.”

“பாதி என்றால் ஆறு, ஏழு. ஒன்றையும் விடக் கூடாது. இந்தத் தடவை கீழ்த் தட்டில் டிக்கெட் பாருங்கள்; மாடிப் படி முடியாது. திரும்புகிற கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்றும் பார்த்துவையுங்கள். போன தடவை பார்த்த நேரத்தை மாற்றியிருப்பான்.”

“பார்த்துவைக்கிறேன். கட்சி எப்படியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?”

“பட்டியல் வரட்டும்” என்றார் பெரியவர். “அதுவரை நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.”